பூச்சிகளின் ஹார்மோன் நரம்புச் செல்கள் சேர்ந்து துடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூச்சியின் மூளையிலும் நரம்புத் திரள்களிலும் உள்ள சில செல்கள் ஒரே சமயத்தில் நரம்பாகவும் சுரப்பியாகவும் வேலை செய்கின்றன. அவை குழுவாகச் சேர்ந்து எழுப்பும் மின்துடிப்பைப் பதிவு செய்யத் தொடங்குபவர்களுக்கு வழக்கமாக வரும் சந்தேகங்களுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். “துடிப்பு” என்று எழுதியிருக்கும் இடமெல்லாம் ஆக்‌ஷன் பொட்டென்ஷியல். நெருக்கமாக அடுத்தடுத்து வந்து ஓயும் துடிப்புகளைக் “கொத்து” என்கிறோம். ஆய்வகப் பேச்சில் அதுதான் பர்ஸ்ட்.

நரம்புச்சுரப்பு செல் மற்ற நரம்புச் செல்லிலிருந்து எதில் வேறுபடுகிறது?

மின்துடிப்பை இரண்டுமே எழுப்பும். முக்கிய வேறுபாடு ஆக்ஸானின், அதாவது செல்லிலிருந்து நீளும் இழையின், முனையில் இருக்கிறது. சாதாரண நரம்புச் செல் இன்னொரு செல்லின் மேல் சினாப்ஸ் என்ற இணைப்பை அமைத்து முடியும். நரம்புச்சுரப்பு செல்லின் முனைகள் ரத்தம் படும் இடத்தில் விரிந்து, பெப்டைடு (குறும்புரத) ஹார்மோனை நேரடியாக ஹீமோலிம்ஃபில், அதாவது பூச்சியின் ரத்தத்தில், விடுகின்றன. அந்த இடத்துக்கு நியூரோஹீமல் உறுப்பு என்று பெயர். ஹார்மோன் அடர்மையக் குமிழிகளில் அடைபட்டிருக்கும். கால்சியம் உள்ளே வந்தால்தான் குமிழி திறக்கும். முனையைத் துடிப்பு எட்டினால்தான் கால்சியம் உள்ளே வரும்.

மூளை ஹார்மோன் சுரக்கிறது என்பதற்கான முதல் வலுவான சான்று பூச்சியிலிருந்துதான் வந்தது. ஸ்டீஃபான் கோபெச் ஜிப்சி அந்துப்பூச்சியின் புழுக்களில் மூளையை அகற்றிப் பார்த்துவிட்டு, கூட்டுப்புழுவாக மாற மூளையிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் வர வேண்டும் என்று 1917-லும் 1922-லும் எழுதினார். அந்தப் பொருள்தான் பின்னாளில் பிடிடிஎச் (தோலுரிப்பு ஹார்மோன் சுரக்கும் முன்மார்புச் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்) என்று அறியப்பட்டது.

இவை எங்கே இருக்கின்றன? எத்தனை?

எண்ணிக்கை மிகக் குறைவு என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் துறையின் சிக்கல்களில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. மூளையில் இரண்டு முக்கியக் குழுக்கள்: நடுக்கோட்டை ஒட்டிய பார்ஸ் இன்டர்செரிபிராலிஸ், பக்கவாட்டில் பார்ஸ் லேட்டராலிஸ். இரண்டின் ஆக்ஸான்களும் மூளைக்குப் பின்னால் உள்ள கார்ப்போரா கார்டியாகா, கார்ப்போரா அல்லாட்டா என்ற உறுப்புகளுக்குப் போகின்றன.

பழ ஈயான ட்ரோசோஃபிலாவில் இன்சுலின் சுரக்கும் செல்கள் சுமார் 14. பிடிடிஎச் செல்கள் பக்கத்துக்கு இரண்டு. பட்டுப்பூச்சியில் பாம்பிக்சின் என்ற இன்சுலின் வகைப் பெப்டைடைச் சுரப்பவை பக்கத்துக்கு நான்கு, பிடிடிஎச் சுரப்பவை பக்கத்துக்கு இரண்டு. அதே பட்டுப்பூச்சியின் உணவுக்குழலுக்குக் கீழுள்ள நரம்புத் திரளில் பிபான் (மணப்பொருள் உற்பத்தியைத் தூண்டுவது), டயாபாஸ் ஹார்மோன் (முட்டையை உறக்கநிலைக்கு அனுப்புவது) ஆகியவற்றைத் தரும் செல்கள் மொத்தம் 12: தாடைப் பகுதியில் 4, மாக்ஸில்லா (துணைத்தாடை) பகுதியில் 6, லேபிய (கீழுதடு) பகுதியில் 2. பூச்சி பழைய தோலை விட்டு வெளிவரத் தூண்டும் எக்ளோஷன் ஹார்மோனைச் சுரப்பவை இன்னும் குறைவு: பழ ஈயில் ஒரே ஜோடி, மான்டுகா அந்துப்பூச்சியில் இரண்டு ஜோடி.

ஒன்றாகத் துடிக்க வேண்டிய அவசியம் என்ன?

ஹார்மோன் விழும் இடம் ஒரு திறந்த ரத்த அமைப்பு. விழுந்ததும் உடல் முழுவதும் கரைந்து நீர்த்துவிடும்; கூடவே நொதிகள் அதைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். ஒரு செல் இப்போது, இன்னொன்று பத்து நிமிடம் கழித்து என்று சொட்டுச் சொட்டாக விட்டால் செறிவு ஒருபோதும் தேவையான அளவுக்கு ஏறாது. எல்லாம் ஒரே நேரத்தில் விட்டால் செறிவு சட்டென்று ஏறி இறங்கும். தோலுரித்தல் போல “நடக்கும் அல்லது நடக்காது” என்ற வகை நிகழ்வுக்கு அந்த ஏற்றம் தேவை.

இரண்டாவது காரணம் முனையிலேயே இருக்கிறது. பரவலாக வரும் துடிப்புகளை விட, அதே எண்ணிக்கைத் துடிப்புகள் கொத்தாக வரும்போது ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேறும் ஹார்மோன் கூடுகிறது. முந்தைய துடிப்பில் வந்த கால்சியம் வடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. பொட்டாசியம் சேனல்கள் சோர்வதால் துடிப்பும் அகலமாகிறது. ஆனால் கொத்து ஓயாமல் நீண்டால் கால்சியம் சேனல்களும் சோர்ந்து வெளியேற்றம் குறையும். கொத்து, ஓய்வு, கொத்து என்ற அமைப்பு அதனால்தான் இவ்வளவு பரவலாக இருக்கிறது. முதுகெலும்பிகளின் பிட்யூட்டரி பின்மடலிலும் இதே கதைதான்.

“ஒருங்கிணைவு” என்றால் துடிப்புக்குத் துடிப்பு ஒத்துப்போக வேண்டுமா?

வேண்டாம். இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மில்லிசெகண்ட் அளவில் ஒத்துப்போவது, கொத்துக்குக் கொத்து ஒத்துப்போவது, நிமிடக் கணக்கில் குழு முழுவதும் சுறுசுறுப்பாவது, ஒரு குழு முடிந்ததும் அடுத்தது தொடங்குவது ஆகிய நான்கும் வெவ்வேறு நிகழ்வுகள். ஹார்மோன் ரத்தத்தில் கலந்து இலக்கை அடையவே நேரம் பிடிக்கும் என்பதால், இலக்குத் திசுவைப் பொறுத்தவரை துடிப்புகளுக்கு இடையே உள்ள 20 மில்லிசெகண்ட் வேறுபாடு ஒரு பொருட்டே இல்லை. அங்கே கணக்கில் வருவது கொத்துகளின் ஒத்திசைவு. ஆகவே எந்தக் கால அளவில் ஒத்திசைவு தேடுகிறோம் என்பதை ஆய்வுக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மில்லிசெகண்ட் ஒத்திசைவு தெரிந்தால் அதற்கு வேறு முக்கியத்துவம் உண்டு: செல்கள் எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு அது ஒரு துப்பு.

பட்டுப்பூச்சியை இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டுவது ஏன்?

கூட்டுப்புழு இடம்விட்டு நகராது, சாப்பிடாது. நரம்பில் மின்முனையை வைத்துவிட்டால் உயிருள்ள பூச்சியிலேயே நீண்ட நேரம் பதிவு செய்யலாம். ஜப்பானில் தோஷியோ இச்சிகாவா இப்படித்தான் பிபான், டயாபாஸ் ஹார்மோன் குடும்பச் செல்களின் துடிப்பைப் பதிவு செய்தார். ஒரு நாளுக்கும் குறைவான காலச்சுற்றில் கொத்துகள் திரும்பத் திரும்ப வருவதும், செல்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதும் 2001-ல் வெளியான அவரது ஆய்வின் பொருள்.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு சுவையான விஷயம் உண்டு. ஒரே ஜீனிலிருந்து வரும் ஒரே முன்னோடிப் புரதம் ஐந்து பெப்டைடுகளாக வெட்டப்படுகிறது. அவற்றில் டயாபாஸ் ஹார்மோன் 24 அமினோ அமிலம் நீளம், பிபான் 33. முன்னது முட்டையை உறக்கநிலைக்கு அனுப்புகிறது. பின்னது பெண் அந்துப்பூச்சியில் இனக்கவர்ச்சி மணப்பொருள் உற்பத்தியைத் தூண்டுகிறது. முட்டை உறக்கத்துக்குப் பெரும் பொறுப்பு லேபியப் பகுதியின் அந்த இரண்டே செல்களுக்கு. ஆகவே “12 செல்லும் ஒன்றாகத் துடிக்கின்றனவா” என்று கேட்பதைவிட “எந்தக் கட்டத்தில் எந்தக் குழு எதனுடன் சேர்ந்து துடிக்கிறது” என்று கேட்பது பயனுள்ளது.

தோலுரிக்கும்போது நடப்பது ஒத்திசைவா, வரிசையா?

வரிசை. மூச்சுத்துளைகளுக்கு அருகே மூச்சுக்குழாய்களில் ஒட்டியிருக்கும் இன்கா செல்கள் ஈடிஎச் என்ற தோலுரிப்புத் தூண்டு ஹார்மோனை விடுகின்றன. இன்கா செல்கள் நரம்புச் செல்கள் அல்ல என்பதைக் கவனிக்கவும். ஈடிஎச் மூளையில் உள்ள எக்ளோஷன் ஹார்மோன் செல்களைத் தூண்டுகிறது. எக்ளோஷன் ஹார்மோன் திரும்ப இன்கா செல்களுக்குள் சைக்ளிக் ஜிஎம்பி என்ற செய்தி மூலக்கூறின் அளவை ஏற்றி இன்னும் ஈடிஎச் வெளிவரச் செய்கிறது. ஒன்றை ஒன்று முடுக்கும் இந்தச் சுற்றால் சில நிமிடங்களில் சேமிப்பு முழுவதும் காலியாகிவிடுகிறது.

ஈடிஎச் ஏற்பி உள்ள நரம்புக் குழுக்கள் எல்லாவற்றையும் அந்த ஒரே ஹார்மோன் ஒரே நேரத்தில் தொடுகிறது. ஆனாலும் அவை ஒரே நேரத்தில் எழுவதில்லை. பழ ஈயின் நரம்பு மண்டலத்தைத் தனியே எடுத்து ஈடிஎச் சேர்த்துக் கால்சியத்தைப் படம்பிடித்தால், முன்தோலுரிப்பு அசைவுகளுக்கான, கைனின் பெப்டைடு சுரக்கும் செல்கள் முதலிலும், சிசிஏபி, பர்சிகான் என்ற ஹார்மோன்களைச் சுரக்கும் செல்கள் பிறகும் என நிமிடக் கணக்கில் தள்ளித் தள்ளி எழுவதைக் காணலாம். குழுவுக்குள் ஒத்திசைவு, குழுக்களுக்கிடையே தாமதம்.

செல்களை இணைப்பது எது?

நான்கு வழிகள் உண்டு, அவை ஒன்றையொன்று விலக்குவதில்லை.

மேலிருந்து வரும் பொதுவான சினாப்ஸ் உள்ளீடு முதலாவது. பழ ஈயில் பிடிடிஎச் செல்களுக்குக் கடிகார நரம்புச் செல்களிலிருந்து எஸ்என்பிஎஃப் என்ற பெப்டைடு வழியாகச் செய்தி போகிறது. ஈ கூட்டிலிருந்து வெளிவரும் நேரம் அப்படித்தான் நாளின் கடிகாரத்தோடு பொருந்துகிறது.

இரண்டாவது கேப் ஜங்ஷன், அதாவது இரு செல்களின் உள்ளகத்தை நேரடியாக இணைக்கும் நுண்துளை. முதுகெலும்பிகளில் அது கானெக்சின் புரதத்தால் ஆனது, பூச்சிகளில் இன்னெக்சினால். பழ ஈயில் இன்னெக்சின் ஜீன்கள் எட்டு. இந்த இணைப்பு மெதுவான மின்னழுத்த மாற்றத்தை நன்றாகக் கடத்தும், வேகமான துடிப்பை மிகவும் தணித்துத்தான் கடத்தும். கொத்துகள் ஒத்துப்போய், துடிப்புகள் ஒத்துப்போகாமல் இருப்பதற்கு இது ஒன்றே போதிய விளக்கமாகலாம்.

மூன்றாவது, செல் விடும் பெப்டைடு பக்கத்துச் செல்லையும் தன்னையும் திரும்பத் தூண்டுவது. நான்காவது, ரத்தத்தில் வரும் பொதுச் செய்தி: சர்க்கரை, இன்னொரு ஹார்மோன். நரம்பைச் சுற்றியுள்ள கிளியா செல்களையும் மறந்துவிடக்கூடாது. பழ ஈப் புழுவின் ரத்த-மூளைத் தடுப்புக் கிளியாவில் கேப் ஜங்ஷன் வழியாக ஒத்திசைந்த கால்சியம் அலைவுகள் எழுவதும், அவை இன்சுலின் வகைப் பெப்டைடு வெளியாகக் காரணமாவதும் 2014-ல் காட்டப்பட்டது.

ஒரே குழுவில் உள்ள செல்கள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ளுமா?

பழ ஈயின் இன்சுலின் செல்கள் இதற்கு நல்ல எச்சரிக்கை. ஒரே இடத்தில் ஒரே பெப்டைடுகளோடு இருந்தும், நரம்புச் செல்களின் துடிப்பைக் கூட்டிக் குறைக்கும் மாடுலேட்டர்களுக்கு அவை காட்டும் பதில் செல்லுக்குச் செல் மாறுகிறது. சில எழும், சில அடங்கும். ஈ நடக்கத் தொடங்கினால் அவற்றின் துடிப்பு குறைகிறது. பட்டினி கிடந்த ஈக்கும் வயிறு நிறைந்த ஈக்கும் துடிப்பு அளவே வேறு. ஆகவே ஒரே ஒரு செல்லைப் பதிவு செய்துவிட்டு “குழு இப்படித்தான்” என்று எழுதாதீர்கள்.

நரம்பிலிருந்து பதிவு செய்வது எப்படி?

அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவில் செல்லுக்கு வெளியே நின்று பதிவு செய்யும் முறையைச் சொல்கிறோம். மற்ற பூச்சிகளுக்கும் அடிப்படை இதுவே.

பூச்சியைப் பனிக்கட்டியில் குளிர்வித்து மயக்குங்கள். கார்பன் டை ஆக்ஸைடு வேண்டாம். ஹீமோலிம்ஃபின் அமிலத்தன்மையை மாற்றிவிடும், அதன் விளைவு பதிவுக்குள்ளும் தொடரும். சிறு சாளரம் வெட்டி நரம்பைக் கண்டுபிடித்து, அதன்கீழ் 25 முதல் 50 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள வெள்ளி அல்லது பிளாட்டினக் கம்பியைக் கொக்கிபோல் வளைத்து வைத்து, நரம்பை மெல்லத் தூக்கி, பெட்ரோலியம் ஜெல்லியும் பாரஃபின் எண்ணெயும் கலந்த குழம்பால் மூடுங்கள். மூடுவது உலராமலிருக்க மட்டுமல்ல. ஈரம் சுற்றிலும் இருந்தால் மின்சைகை அதன் வழியே கசிந்து துடிப்பு இரைச்சலுக்குள் மறைந்துவிடும். பிரித்தெடுத்த திசுவில் என்றால் உறிஞ்சு மின்முனை நல்லது: கண்ணாடிக் குழாயின் முனை விட்டம் நரம்பின் விட்டத்தைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால் இறுக்கமாகப் பிடிக்கும்.

அடுத்தது வடிகட்டி. நரம்புப் பதிவுக் கருவிகளில் கீழ் வெட்டு (இதற்குக் கீழான அலைவெண்கள் நீக்கப்படும் எல்லை) பல சமயம் 300 ஹெர்ட்ஸில் இருக்கும். மோட்டார் நரம்புக்கு அது சரி. நரம்புச்சுரப்பு செல்லின் துடிப்பு பல மில்லிசெகண்ட் அகலமானது. அதன் ஆற்றல் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் பக்கம்தான். 300-ல் வைத்தால் நீங்கள் தேடுவதையே வெட்டி எறிகிறீர்கள். 10 முதல் 30 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். மேல் வெட்டு 3 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 10,000 மாதிரிகள் போதும். திரையில் பார்த்தால் மோட்டார் துடிப்பு ஊசிபோல் ஏறி இறங்கும். நரம்புச்சுரப்புத் துடிப்பு உயரம் குறைந்து, தோள் சரிந்து, பின்பாதி நீண்டு இழுபடும். இந்த வடிவம் பழகிவிட்டால் கண்ணே பிரித்துவிடும்.

குளிர்விப்பிலிருந்து மீள அரை மணி நேரமாவது விடுங்கள். அதற்குமுன் வரும் அமைதியையும் கொந்தளிப்பையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

பல செல்கள் ஒரே நரம்பில் ஓடுகின்றன. துடிப்புகளை எப்படிப் பிரிப்பது?

உயரமும் வடிவமும் கொண்டு பிரிக்கும் மென்பொருள்களில் பலவும் துடிப்புகள் தனித்தனியே வருகின்றன என்ற நம்பிக்கையில் இயங்குபவை. நம் செல்களோ ஒன்றாகத் துடிப்பவை. இரண்டு துடிப்புகள் 1 மில்லிசெகண்ட் இடைவெளியில் ஏறினால் கூட்டலாகி ஒரே பெரிய துடிப்பாகத் தெரியும். மென்பொருள் அதை “மூன்றாவது செல்” என்று பெயரிடும். இப்படிப் பொய்யான செல் ஒன்று பிறக்கும், மெய்யான ஒத்திசைவு கணக்கிலிருந்து மறையும். கொத்தின் நடுவில் மட்டுமே தோன்றி, கொத்துக்கு வெளியே ஒருமுறைகூடத் தனியாக வராத “செல்” இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வழி இருக்கிறது. இடம், வலம் இரு நரம்புகளிலும் தனித்தனி மின்முனை வையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் செல் எண்ணிக்கை பாதியாகும். ஒரே நரம்பில் சில மில்லிமீட்டர் தள்ளி இரண்டு மின்முனை வைத்தால், கடத்தும் வேகம் வேறுபடும் ஆக்ஸான்கள் தாமதத்தால் பிரியும். இந்த மெல்லிய ஆக்ஸான்களில் வேகம் நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. 3 மில்லிமீட்டருக்கே 3 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம் கிடைக்கும்.

பழ ஈ மூளைக்கு எந்த உப்புக்கரைசல்?

பரவலாகப் புழங்குவது இது, மில்லிமோலாரில்: சோடியம் குளோரைடு 103, பொட்டாசியம் குளோரைடு 3, டிஇஎஸ் (அமிலகார எண்ணை நிலையாக வைக்கும் பஃபர்) 5, ட்ரெஹலோஸ் 8, குளுக்கோஸ் 10, சோடியம் பைகார்பனேட் 26, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1, மெக்னீசியம் குளோரைடு 4, கால்சியம் குளோரைடு 1.5. 95% ஆக்ஸிஜன், 5% கார்பன் டை ஆக்ஸைடு கலந்த வாயுவை ஊத வேண்டும். அமிலகார எண் 7.3, ஆஸ்மோலாரிட்டி (கரைந்த பொருள்களின் மொத்தச் செறிவு) 270 முதல் 275 மில்லிஆஸ்மோல்.

ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 6.02 கிராம், பைகார்பனேட் 2.18 கிராம், இருநீர்க் கால்சியம் குளோரைடு 0.22 கிராம் வரும். கால்சியத்தை வாயு ஊதத் தொடங்கிய பிறகு கடைசியாகச் சேருங்கள். வாயு இல்லாமல் பைகார்பனேட் கரைசலை வைத்திருந்தால் கார ஏற்றத்தில் கால்சியம் கார்பனேட் படிந்து கலங்கும்; அதன்பின் உங்கள் கரைசலில் எவ்வளவு கால்சியம் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. காட்மியம், கோபால்ட் வைத்து கால்சியம் சேனலை அடைக்கப் போகிறீர்களா? பாஸ்பேட்டும் பைகார்பனேட்டும் அவற்றையும் படிய வைக்கும். அந்தச் சோதனைக்கு அவை இரண்டும் இல்லாத ஹெப்பீஸ் பஃபர் கரைசலுக்கு மாறுங்கள்.

சர்க்கரையை நிரப்பியாகக் கருதாதீர்கள். ஹார்மோன் செல்களில் பல ஊட்டத்தை உணர்பவை. பழ ஈயின் மூளையில் டிஎச்44 என்ற பெப்டைடைச் சுரக்கும் ஆறு செல்கள் ஊட்டமுள்ள சர்க்கரைக்கே பதில் சொல்கின்றன. பட்டினி ஈயின் மூளையை எடுத்து 10 மில்லிமோலார் குளுக்கோஸில் போட்டால், பட்டினி நிலையை நீங்களே கலைத்துவிட்டீர்கள். குளுக்கோஸைக் குறைத்தால் அதே ஆஸ்மோலாரிட்டிக்குச் சுக்ரோஸோ மானிட்டாலோ சேர்த்து ஈடுகட்டுங்கள்.

அந்துப்பூச்சிகளின் ஹீமோலிம்ஃப் வேறு ரகம்: பொட்டாசியமும் மெக்னீசியமும் அதிகம், சோடியம் குறைவு. செல் உடல்கள் ரத்த-மூளைத் தடுப்புக்குள் பாதுகாப்பாக இருக்கும்; நியூரோஹீமல் முனைகளோ தடுப்புக்கு வெளியே நேராகக் கரைசலில் நனைகின்றன. கரைசலின் பொட்டாசியம் தவறானால் செல் உடலில் ஒன்றும் தெரியாமலே முனைகள் கசியத் தொடங்கிவிடும்.

ஜிகேம்ப் போன்ற கால்சியம் ஒளிர்வுப் புரதங்கள் போதாதா?

கொத்துகளை ஒப்பிடப் போதும். துடிப்புகளை ஒப்பிடப் போதாது. ஜிகேம்ப்6எஸ் ஒளிர்வு தணிய அரை நொடியிலிருந்து ஒன்றிரண்டு நொடிவரை ஆகும். அந்த அகலத்துக்குள் 50 மில்லிசெகண்ட் முன்பின் தெரியவே தெரியாது.

பொய் ஒத்திசைவு இங்கே மூன்று வழியில் நுழையும். இன்சுலின் செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டவை. பக்கத்துச் செல்லின் ஒளி உங்கள் கட்டத்துக்குள் சிந்தும். ஆழத் தெளிவு குறைந்த நுண்ணோக்கியில் 14 செல்லும் ஒத்துத் துடிப்பதுபோலத் தெரிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அடுத்தது அசைவு: கரைசல் மட்டம் ஏறி இறங்கினாலோ குடல் சுருங்கினாலோ மூளை முழுவதும் குவியத்திலிருந்து விலகி எல்லாச் செல்லும் ஒன்றாக மங்கும். கால்சியத்துக்குப் பதில் சொல்லாத சிவப்புப் புரதம் ஒன்றை அதே செல்லில் வைத்து, அதிலும் அதே அலை தெரிகிறதா பாருங்கள். மூன்றாவது, நீல ஒளியே ஈயின் கண்ணுக்குத் தூண்டல். விளக்கைப் போட்ட கணத்தில் எல்லாம் சேர்ந்து எழுந்தால் அது பார்வை.

கேப் ஜங்ஷனா, பொது உள்ளீடா என்று எப்படிக் கண்டறிவது?

இரு செல்களில் ஒரே நேரத்தில் மின்முனை வைப்பதே நேர்வழி. ஒன்றில் −0.2 நானோஆம்பியர் செலுத்தி அதன் மின்னழுத்தத்தை 20 மில்லிவோல்ட் கீழே இறக்குங்கள். மற்றது 2 மில்லிவோல்ட் இறங்கினால் பிணைப்பு விகிதம் 0.1. எதிர்த்திசையிலும் சோதியுங்கள். கீழ்நோக்கிய மின்னோட்டம் முக்கியம், ஏனெனில் வேதி சினாப்ஸ் அதைக் கடத்துவது அரிது. ஒன்றுமே தெரியாவிட்டால் “பிணைப்பு இல்லை” என்று முடிவு கட்ட வேண்டாம். பிணைப்பு ஆக்ஸானில் தொலைவாக இருந்தால் செல் உடலில் சைகை தேய்ந்துவிடும்.

ஒரு செல்லில் சாயம் ஏற்றி, அது மற்றதற்குக் கடக்கிறதா என்று பார்ப்பது துணைச் சான்று. நியூரோபயோட்டின் சிறியது, நேர்மின்னூட்டம் உள்ளது. லூசிஃபர் யெல்லோவைவிட எளிதாகக் கடக்கும். லூசிஃபர் யெல்லோ கடக்கவில்லை என்பது எதையும் மறுக்காது.

கார்பெனோக்சலோன், ஆக்டனால் போன்ற கேப் ஜங்ஷன் அடைப்பான்களை நம்பி மட்டும் எழுதப்பட்ட முடிவுகளை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இவை கால்சியம் சேனல்களையும் தாக்கும். கொத்து நின்றது பிணைப்பு அறுந்ததாலா, செல்லே கொத்து எழுப்பும் திறனை இழந்ததாலா என்று தெரியாது. பழ ஈயில் குறிப்பிட்ட செல்களில் மட்டும் இன்னெக்சினை ஆர்என்ஏ குறுக்கீட்டால் குறைப்பது தெளிவானது. வெப்பத்தால் மாறும் கேல்80 என்ற அடக்கிப் புரதத்தை வைத்து, 18 பாகை செல்சியஸில் வளர்த்து, வளர்ந்த ஈயான பிறகு 29 பாகைக்கு மாற்றினால் வளர்ச்சிக் குறைபாட்டைத் தவிர்க்கலாம்.

எளிய சோதனை ஒன்றும் உண்டு. ஒரு செல்லை மட்டும் மின்னோட்டத்தால் முன்கூட்டியே கொத்து எழுப்ப வையுங்கள். மற்ற செல்களின் அடுத்த கொத்தும் இடம் மாறினால் செல்களுக்குள் பிணைப்பு உண்டு. அவை தம் பழைய நேரத்துக்கே எழுந்தால் தாளம் வெளியிலிருந்து வருகிறது.

சோடியம் சேனலை அடைக்கும் டெட்ரோடோடாக்சின் 1 மைக்ரோமோலார் சேர்த்து வலையமைப்பை அடக்கிவிட்டோம் என்று நினைப்பதும் ஆபத்து. குச்சிப்பூச்சியின் புற நரம்புச்சுரப்பு செல்களில் கால்சியத்தைச் சார்ந்த துடிப்புகள் இருப்பது 1976-லேயே காட்டப்பட்டது; அத்தகைய செல்கள் சோடியம் சேனல் அடைபட்டாலும் துடிக்கும்.

எவ்வளவு நேரம் பதிவு செய்ய வேண்டும்?

குறைந்தது பத்துக் காலச்சுற்று. ஏன் என்று கணக்காகவே பாருங்கள். ஒரு செல்லுக்கு 10 நிமிடத்துக்கு ஒரு கொத்து, மற்றதற்கு 11 நிமிடத்துக்கு ஒன்று, இடையே எந்தத் தொடர்பும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றாகத் தொடங்கினால் 30 நிமிடத்தில் முன்பின் விலகல் வெறும் 3 நிமிடம். கொத்து 4 நிமிடம் நீடித்தால் இன்னும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துதான் இருக்கும். படத்தைப் பார்ப்பவர் “ஒத்திசைவு” என்பார். 55 நிமிடத்தில் நேர் எதிராகிவிடும். 110 நிமிடத்தில் மறுபடி சேரும். மெய்யான பிணைப்பில் விலகல் கூடிக்கொண்டே போகாது.

புள்ளியியலிலும் இதே பொறி. மெதுவான அலைவுகளுக்குச் சாதாரண ஒட்டுறவுச் சோதனை பல சமயம் பொய்யாக மிகச் சிறிய பி மதிப்பைத் தரும், ஏனெனில் அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒரு செல்லின் பதிவை வட்டமாகத் தற்செயல் அளவு நகர்த்தி, 1,000 முறை ஒட்டுறவைக் கணக்கிட்டு, உண்மை மதிப்பு அந்தப் பரவலில் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

கூட்டுப்புழுவில் இன்னொன்று: இதயம் சில நிமிடம் முன்னோக்கியும் சில நிமிடம் பின்னோக்கியும் துடிக்கும். இந்தத் திசைமாற்றம் நரம்புப் பதிவில் ஆட்டமாக நுழைந்தால் அழகான தாளமாகத் தெரியும். இதயத்துடிப்பைத் தனிச் சேனலில் பதிவு செய்யுங்கள்.

துடிப்பு கூடியது, ஹார்மோன் வெளியாயிற்று என்று எழுதலாமா?

தனிச் சான்று இல்லாமல் எழுத வேண்டாம். செல் உடலில் எழுந்த துடிப்பு கிளைகளில் தடைபடலாம். மறுபுறம், முனைகள் தாமாகவே துடிப்பதும் உண்டு. ஹீமோலிம்ஃபில் எலிசா (ஆன்டிபாடியால் ஹார்மோனை அளக்கும் முறை) செய்வது நேர்முகமானது, ஆனால் பழ ஈயில் ரத்தம் மிகக் குறைவு என்பதால் பல ஈக்களைச் சேர்த்தே அளக்க முடியும். தனித்தனி ஈயின் நேரக்கணக்கு போய்விடும். ஆன்டிபாடிச் சாயம் முனையில் குறைந்தால் வெளியேற்றம் எனலாம், உற்பத்தி குறையவில்லை என்பதை ஆர்என்ஏ அளவால் காட்டிய பிறகு.

பிரித்தெடுத்த உறுப்பில் 100 மில்லிமோலார் பொட்டாசியம் ஊற்றி வெளியேற்றத்தைத் தூண்டுவது வழக்கம். அப்போது சோடியம் குளோரைடை 103-லிருந்து 6-க்குக் குறையுங்கள். இல்லையென்றால் ஆஸ்மோலாரிட்டி எகிறும், குமிழிகள் அதற்கே பதில் சொல்லும். கால்சியம் இல்லாத கரைசலில் அதே சோதனை ஒன்று கட்டாயம் வேண்டும். வெளியேற்றம் அதிலும் வந்தால் செல்கள் உடைந்து கசிகின்றன.

பூச்சியின் வயதுக்கட்டம் எவ்வளவு முக்கியம்?

மணிக்கணக்கில் முக்கியம். தோலுரிப்புக்குமுன் எக்டைஸ்டீராய்டு என்ற தோலுரிப்பு ஹார்மோனின் அளவு இறங்க வேண்டும். அதன் செயல்படும் வடிவமான 20-ஹைட்ராக்ஸிஎக்டைசோனை ஊசியில் ஏற்றினால் அந்துப்பூச்சி வெளிவருவது தள்ளிப்போகும். “ஐந்தாம் நாள் கூட்டுப்புழு” என்ற குறிப்பு போதாது. கண் நிறம், இறக்கை நிறம், தோல் மென்மை என்று கண்ணால் காணும் அடையாளத்தையும், விளக்கு அணைந்து எத்தனை மணி நேரம் என்பதையும், வெப்பநிலையையும் சேர்த்துக் குறியுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் செல்கள் அமைதியாக இருக்கின்றன. என்ன பார்ப்பது?

முதலில் மற்றத் துடிப்புகள் தெரிகின்றனவா பாருங்கள். அதே நரம்பில் எந்தத் துடிப்பும் இல்லையென்றால் நரம்பு அடிபட்டிருக்கிறது அல்லது மின்முனை பிடிக்கவில்லை. மோட்டார் துடிப்பு இருந்து அகலத் துடிப்பு மட்டும் இல்லையென்றால் வடிகட்டியைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் காத்திருங்கள். இரண்டு கொத்துகளுக்கு நடுவில் நீங்கள் வந்திருக்கலாம், பல சமயம் அந்த இடைவெளி பொறுமையைச் சோதிக்கும் நீளம். மூளையிலிருந்து வரும் இணைப்பை வெட்டியிருந்தால் தாளம் மாறுவதோ நிற்பதோ எதிர்பார்க்க வேண்டியதே. வெட்டாத பூச்சியில் ஒரு பதிவு எடுத்து ஒப்பிடுங்கள். கடைசியாக, பதிவு முடிந்ததும் நரம்பின் மறுமுனையில் சிறு மின்தூண்டல் கொடுங்கள். நிலையான தாமதத்தோடு அகலத் துடிப்பு வந்தால் ஆக்ஸான் உயிரோடுதான் இருக்கிறது. அமைதி செல்லுடையது, அதைப் பதிவேட்டில் அப்படியே எழுதலாம்.